ஆகாயப் படத்தில் இருந்த தளம்

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு மறக்குமா கண்ணு. உங்க ஆபீஸ்ல அத படமா வெச்சிருக்கீங்க. எனக்கு அது ஒரு சத்தம். சின்ன விமானம், ஒத்த எஞ்சின். அரைக்கறதுக்கு சோளம் தீர்ந்தப்புறமும் மெஷின் ஓடிட்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு வெறும் கரகரப்பு. மலைப்பக்கமா வந்துச்சு, குடாவுக்கு மேல ஒரு சுத்து, அப்புறம் இன்னொரு சுத்து. குவாத்ரோ வாசிச்சிட்டிருந்தவர் கம்பி மேல உள்ளங்கைய வெச்சு அமத்திட்டு, இது போய்த் தொலையட்டும்னு உக்காந்துட்டார். நாங்க எல்லாரும் அண்ணாந்து பாத்து கையாட்டினோம். மாப்பிள்ளையோட சித்தப்பா தொப்பியக் கழட்டி ஆட்டினார். எதுக்கு வந்த விமானம்னு ஒருத்தருக்கும் தெரியாது.

ஆமா, கல்யாணம். என் பொண்ணு மிக்தாலியா கல்யாணம். தண்ணிமேல இருக்கற இந்தப் பலகைத்தளத்துலதான்.

பேனாவ மூடி வை கண்ணு. கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லல, கொஞ்சம் பொறுன்னுதான் சொல்றேன். காப்பி ஆறுது பாரு, குடி. மிக்தாலியாவ ரொட்டி வாங்கிட்டு வான்னு கரைக்கு அனுப்பியிருக்கேன். ரொட்டி உள்ளயே இருக்கு. அவ இல்லாதப்ப உங்கிட்ட பேசணும், அதுக்குத்தான்.

நீ படிச்சியே, அந்த வரிய இன்னொரு தடவ படி. ம். இந்த வீடும் முன்னாடி இருக்கற பலகைத்தளமும், ஆகாயப் படத்துல இருக்கற அதே அளவுல, அன்னைக்கும் இன்னைக்கும் என்னோட சொத்துன்னு சத்தியமா சொல்றேன்னு இருக்கு. சொன்னா, தண்ணிமேல இத வெச்சுக்கற அனுமதி மிக்தாலியா பேருக்கு மாறும். சொல்லலேன்னா என்னோட முடிஞ்சுது, நான் போனதும் நீங்க வந்து பிரிச்சுடுவீங்க. அவளுக்கு இதவிட்டா வேற ஒண்ணுமில்ல தெரியுமா. ஞாயித்துக்கிழம இங்க மேச போட்டு மீன் பொரிச்சு விக்கறாளே, அதுலதான் அவ குடும்பமே நடக்குது. நேத்து ராத்திரியே எனக்கு இந்த நல்ல சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சுட்டா, கையெழுத்துக்கு.

உங்க சட்டத்தக் குத்தம் சொல்லப் போறேன்னு நெனக்காத. நல்ல சட்டம். அதான் எனக்குக் கஷ்டமே. முன்னெல்லாம் சான் ஹுவான்ல இருந்து வக்கீலுங்க, டாக்டருங்க வந்து அலையாத்திய வெட்டி, ஆளாளுக்கு ஒரு வீடு தண்ணிமேல நட்டுட்டுப் போயிடுவாங்க. கக்கூஸ் நேரா கடல்லதான். தண்ணி சாம்பல் கரைச்ச மாதிரி இருக்கும். நீங்க வந்து, இது எல்லாருக்கும் பொதுவான தண்ணி, படத்துல இருக்கறது இருக்கட்டும், இனிமே ஒரு பலககூட புதுசா வரக்கூடாதுன்னு நிறுத்தினீங்க. இப்ப எட்டிப்பாரு, அடி தெரியுது. கடல்புல் திரும்பி வந்துடுச்சு. போன வாரம் ஒரு கடல்பசு குட்டியோட இந்தப்பக்கமா போச்சு. நாப்பது வருஷம் இலக்கியம் சொல்லிக்குடுத்தவ நான், நல்லது எது கெட்டது எதுன்னு பிள்ளைங்களுக்குப் பரீட்சையில கேட்டவ. அந்தச் சட்டத்த நான் எப்படி வைய முடியும்?

அங்க பாரேன், வலதுபக்கம். கூழைக்கடா உக்காந்திருக்கே, தண்ணில நிக்கற அந்த மொட்ட மரக்கால்ங்க. எல்லாரும் அத பழைய படகுத்துறைன்னு நெனக்கறாங்க. எவாரிஸ்தோன்னு ஒரு மீன்காரன் வீட்டோட தளம் அது. வீடு பின்னாடி கரையில, ஒத்த ரூம். தளம்தான் அவன் பொழப்பு. காலைல அதுலதான் மீன் எறக்குவான், பத்து மணிக்கு அவன் பொண்டாட்டி நில்தா அதுலயே அடுப்பு வெச்சு எம்பனாடியா பொரிப்பா, மாவுக்குள்ள மீன வெச்சு மடிச்சது. அவங்க அப்பா காலத்துப் பலகைங்க, ஆசுபோ மரம். தண்ணில போட்டா முழுகும், அவ்ளோ கனம்.

உன் காலுக்குக் கீழ பாரு, ஆணி ஏதாவது தெரியுதா? இருக்காது. இங்க பலகைய நாங்க ஆணி அடிக்கறதில்ல. கயித்தால இறுக்கறதோட சரி. புயல்னு ரேடியோல சொன்னா ஒரு மணி நேரத்துல அவுத்து கோயில் கூடத்துல அடுக்கிடுவோம். கால் நிக்கும், பலக பொழைக்கும். போன பெரிய புயல்லயும் அப்படித்தான் தப்பிச்சுது.

என் வீட்டுக்காரர் ஒஸ்வால்தோ, இங்க பெருசா தளம் போடணும்னு கால் நட்டார். கால் நட்டு முடிச்ச அந்த வருஷமே நெஞ்சுவலில போயிட்டார். பலக வாங்கற அளவுக்கு எங்கிட்ட காசும் இல்ல, மனசும் இல்ல. ரெண்டு ஆள் நிக்கற அளவுக்கு வாசல்ல ஒரு துண்டுத் தளம், அவ்ளோதான் எனக்கு. அதுக்கப்பால வெறும் காலு.

அப்பதான் மிக்தாலியா கல்யாணம் வந்துச்சு. அவளுக்கு பத்தொம்போது வயசு. அப்பா நட்ட கால்மேலதான் நான் கல்யாணம் பண்ணிப்பேன்னு ஒரே பிடிவாதம். எவாரிஸ்தோ காதுல எப்படியோ விழுந்திருக்கு. சனிக்கிழம காலைல தளத்த அவுத்து, படகுல நாலு நடையா கொண்டுவந்து, அவனே கட்டியும் குடுத்துட்டான். நில்தா இடுப்புல கைய வெச்சுகிட்டு, டீச்சர், உங்க சொந்தக்காரங்க கனத்த எங்க மாமனார் பலக தாங்குதான்னு பாத்துடலாம்னா. தாங்குச்சு. விடிய விடிய ஆடினாங்க.

புரிஞ்சுடுச்சா. உன் மூஞ்சிலயே தெரியுது.

ஆமா, அன்னைக்கு மத்தியானம்தான் உங்க விமானம் வந்துச்சு.

திருப்பிக் குடுக்க மாட்டேன்னு நான் நெனக்கல கண்ணு, அத நம்பு. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அவன் பெரிய மீனுக்குன்னு வெளிக்கடலுக்குப் போயிட்டான். அவசரமில்ல டீச்சர், வந்து எடுத்துக்கறேன்னான். அவன் திரும்பறதுக்குள்ள உங்க நோட்டீஸ் கோயில் கதவுல ஒட்டியாச்சு. படத்துல இருக்கறபடி இருக்கணும், எதையும் கூட்டக்கூடாது. அவன் படகக் கொண்டுவந்து என் படியில கட்டி, மொதல் பலகைய அவுக்கறப்ப ரோந்துப் படகு வந்து நின்னுச்சு. அந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், கோவமே படல. வெறும் மரக்கால் மேல பலக போட்டா அது புதுக்கட்டடம், படகு பறிமுதல் ஆயிடும், விசாரண வருது, அங்க சொல்லுன்னான். எவாரிஸ்தோ அவுத்த பலகைய திரும்ப அங்கயே கட்டிட்டுப் போனான்.

விசாரண நகர மண்டபத்துல. ஊரே இருந்துச்சு. படத்தப் பெருசு பண்ணி செவுத்துல மாட்டியிருந்தாங்க. அவன் எடத்துல வெறும் புள்ளி புள்ளியா கால். என் எடத்துல தளம், அதுக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு. கல்யாண மேச விரிப்பு அது.

அவன எழுப்பிக் கேட்டாங்க. தளம் இருந்துச்சுங்கய்யா, எங்கப்பா போட்டதுன்னான். அப்ப பலக எங்கன்னு கேட்டாங்க. அவன் என்னத் திரும்பிப் பாத்தான். அவன் சொல்லமாட்டான் கண்ணு. ஒருத்தருக்குக் குடுத்தத, அதுவும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்குக் குடுத்தத, நாலு பேர் முன்னாடி வாயத் திறந்து சொல்றது அவன் பழக்கத்துல இல்ல. நான் சொல்லணும்னு காத்துட்டு நின்னான். நான் மடியில கைப்பைய வெச்சுகிட்டு அதோட கொக்கியப் பாத்துட்டிருந்தேன்.

அப்புறம் என்னக் கூப்பிட்டாங்க. டீச்சர், உங்க தளம் எப்பவும் இதே அளவுதானான்னு விசாரண அதிகாரி கேட்டார். டீச்சர்னதும் மத்தவங்கள கேட்ட மாதிரி குடஞ்சு கேக்கல, மரியாதையா கேட்டார்.

ஆமான்னேன்.

அவ்ளோதான் நான் சொன்னது. நெறைய பொய் சொல்லியிருந்தாகூட இவ்ளோ கனமா இருந்திருக்காதோ என்னவோ. இல்லேன்னு சொல்லியிருந்தா என் தளம் அந்தத் துண்டுக்குச் சுருங்கியிருக்கும். புருஷன் இல்ல, டீச்சர் சம்பளம், மாப்பிள்ளைக்கு வேல இல்ல. அதெல்லாம் நெசம்தான். நெசமா இருந்து என்ன.

மீன் எறக்க எடமில்லாம, அடுப்பு வெக்க எடமில்லாம அவங்க எத்தன நாள் தாக்குப் பிடிப்பாங்க? நில்தாவோட எம்பனாடியா தின்னு பழகின ஞாயித்துக்கிழம கூட்டம், பக்கத்துல தளம் இருக்கேன்னு எங்கிட்ட வந்து உக்காந்துச்சு. நானும் அடுப்ப பத்த வெச்சேன்.

பொழப்பு தேடி வடக்க அமெரிக்காவுக்குப் போறதுக்கு முந்தின நாள் எவாரிஸ்தோ இங்க வந்தான். இந்தப் படியிலதான் நின்னான், மேல ஏறல. சண்ட போடுவான்னு நெனச்சேன். போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். டீச்சர், வருஷம் ஒருதடவ ஆளிவிதை எண்ணெய் தடவுங்க, வெயில் காலத்துக்கு முன்னாடியே, இல்லேன்னா ஓரம் வெடிச்சுரும்னான். எப்படித் தடவணும்னு கைய வெச்சுக் காமிச்சான். தலையாட்டினேன். இந்த வருஷம் வரைக்கும் ஒரு தடவகூட விடாம நான்தான் தடவறேன், முட்டி போனப்புறமும் உக்காந்தே. மிக்தாலியா திட்டுவா, ஆள் வெச்சுக்கலாமேம்மான்னு. அவளுக்குத் தெரியாது. அப்பா வாங்கி வெச்ச பலகன்னே நெனச்சிட்டிருக்கா. நான்தான் அப்படிச் சொன்னேன்.

இல்ல, அழல. இங்க உப்புக்காத்து.

இவ்ளோ நாள் ஏன் சொல்லலேன்னு கேக்கற. வருஷா வருஷம் உங்க ஆள் வந்து நாடாவப் பிடிச்சு அளந்துட்டு, ஒரு விரற்கடைகூட மீறல, எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல டீச்சர்னு சொல்லிட்டுப் போவான். நான் காப்பி குடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு வருஷமும் அது ஒரு பலக மாதிரி மேல மேல ஏறிடுச்சு. அனுமதி எம்பேர்ல இருக்கறவரைக்கும் பாவம் எனக்குன்னு வெச்சுக்கலாம். இப்ப நீ அத அவ பேருக்கு மாத்தக் கொண்டுவந்திருக்க. அவளுக்கு நான் குடுக்கப்போறது இதுவா?

அதோ வர்றா, படகு தெரியுது. வரட்டும். அவ முன்னாடியே சொல்றேன். நீ அந்தத் தாள உள்ள வெச்சுட்டு வெறுந்தாள் ஒண்ணு எடு. வாசல்ல இருக்கற துண்டு எங்களோடது, மிச்சமெல்லாம் எவாரிஸ்தோவோடதுன்னு எழுது. அதுல போடறேன் கையெழுத்து.

என்ன? இன்னொரு தடவ சொல்லு.

முன்னாடி தளம் இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி சொன்னா போதுமா. அவன் கால் மேல பலக போட அப்பவே விட்டிருப்பீங்களா. சட்டத்துல அந்த வழி மொதல்ல இருந்தே இருக்கா.

சரி.

இல்ல கண்ணு, அவன வரச்சொல்லி எழுதவேண்டாம். வடக்க பிரிட்ஜ்போர்ட்ல கோழிக்கறி பாக்கெட் போடற எடத்துல, குளிர் ரூம்ல அவனுக்கு வேல. கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தான். போன பிப்ரவரில செத்துட்டான், அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க.