கடைசி வீட்டுப் பெட்டி

அது என் பஸ் இல்லம்மா, போகட்டும். நீங்க உக்காருங்க. பெட்டிய இந்தப் பக்கம் நகத்திக்கிறேன். வேணாம் வேணாம், நீங்க தூக்காதீங்க, நானே நகத்திக்கிறேன். டேபிள் ஃபேனக் கையில புடிச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் நிப்பீங்க. ரிப்பேருக்கு வந்தீங்களா? நம்ம தெரு ரிப்பேர்காரர் கெட்டிக்காரர்தான். ஆனா நாளைக்குத் தர்றேன்னு சொன்னாருன்னா அடுத்த வாரம்னு எடுத்துக்கணும். சாயந்தரம்னு சொன்னா, வராதீங்கன்னு அர்த்தம்.

ஊருக்கான்னு கேட்டீங்கல்ல? அக்கா வீட்டுக்கு. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். வீட்டு வாசல்லேருந்து இந்த ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள தெருவே கேட்டுருச்சு. பால்காரர் சைக்கிள நிறுத்திட்டுக் கேக்குறாரு. மாடியில துணி காயப்போடுற பொண்ணு அங்கேருந்தே கத்திக் கேக்குது. நான் பெட்டி தூக்குனா இந்தத் தெருவுல அது சேதி.

சிரிக்கிறீங்க. நீங்க வெளியூரு, உங்களுக்கு எப்படித் தெரியும். அந்தக் கோடியில பாருங்க, தெரு முடியுற எடத்துல கம்பி வேலி தெரியுதா? அதுக்குப் பின்னால வெறும் பொட்டல். அங்கங்க குழாயும் வால்வும் ஆளு ஒசரத்துக்கு நிக்கும், வேற ஒண்ணும் இருக்காது. அந்தப் பொட்டலுக்குக் கீழதான் கேஸ். நம்ம அடுப்புல எரியுற கேஸ்தான். முந்தி அங்க எண்ணெய் எடுத்தாங்களாம். எண்ணெய் தீந்துபோனதும் பாறைக்குள்ள எடம் சும்மா கெடந்துச்சு. வெயில் காலத்துல யாருக்கும் அவ்ளோ கேஸ் வேணாம்ல, அப்ப அதுக்குள்ள அமுக்கி வச்சுருவாங்க. குளிர் வந்ததும் திருப்பி எடுத்து ஊர் ஊரா அனுப்புவாங்க. பூமியே சிலிண்டர். வேலிய ஒட்டுன கடைசி வீடு எங்களுது.

எங்க வீட்டுக்காரருக்கு அங்கதான் வேலை, பாதுகாப்பு அதிகாரி. கேஸ் ஏறி எறங்குற அந்தக் குழாயத்தான் கிணறும்பாங்க; ஒவ்வொரு கிணறா சோதிச்சு, எது ஒடையுற மாதிரி இருக்கு, ஒடஞ்சா எத்தன பேருக்கு ஆபத்துன்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஒரு கலர் குடுக்கணும். பச்சைன்னா கவலையில்ல. மஞ்சள்னா கண்ணு வச்சிருக்கணும். சிவப்புன்னா மேல சர்க்காருக்குச் சொல்லணும், தெருவுக்குச் சொல்லணும், ஆளுங்கள வெளிய அனுப்பணும். வீட்டுலயும் அதே புத்திதான் மனுஷனுக்கு. பால் அடுப்புல இருந்தா, ஏய் மஞ்சள்ம்பாரு. அவங்கம்மா வந்து ஒரு மாசம் தங்கப் போறாங்கன்னா நான் சிவப்பும்பேன். அதுக்கு மட்டும் சிரிக்கமாட்டாரு.

இல்ல இல்ல, அந்த வீட்ட நாங்களா கேட்டு வாங்கல. வேற எங்கயோ இதே மாதிரி ஒரு எடத்துல கிணறு ஒடஞ்சு, கேஸ் பாட்டுக்கு வெளிய வந்துட்டே இருந்துச்சுன்னு டிவில காட்டுனாங்க. தெரு ஆளுங்க போய் கம்பெனி கேட்ட மறிச்சுட்டாங்க. பயப்படுற ஜனங்களுக்குக் கணக்கக் காட்டுனா ஏறுமா? மேனேஜர் பாத்தாரு. எங்க பாதுகாப்பு அதிகாரியே பொண்டாட்டி புள்ளையோட வேலி ஓரத்துல குடியிருப்பாரு, போதுமான்னு கேட்டுட்டாரு. தெரு கைதட்டிருச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, பொண்டாட்டிக்கு அது தெரியாது. எங்க தெருத் தையல்காரர்தான் வந்து, புது வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கணுமான்னு கேட்டாரு. அப்பதான் எனக்குத் தெரியும்.

நாத்தம் வந்தா தெரிஞ்சுராதான்னா கேக்குறீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தோம். அந்த நாத்தம் நாமளா கலக்குறதும்மா. ஊருக்கு அனுப்பும்போதுதான் கலப்பாங்க. கீழ இருக்குற கேஸுக்கு வாசனையே கெடையாது. இந்த மனுஷன் ஒரு கூட்டத்துல அத மறைக்காம சொல்லிட்டாரு. அன்னிலேருந்து எங்க தெருவுல எவனும் மூக்க நம்புறதில்ல. எங்க வீட்டத்தான் மோந்து பாக்குறாங்க.

நெசமாத்தான். எங்க வீட்டு சமையக்கட்டுல லைட் எரியுதான்னு பாத்துட்டுத்தான் எதிர்வீட்டு லாரி டிரைவர் குடும்பம் படுக்கப் போவாங்க. என் கொடியில துணி காயுதா, சரி, இன்னிக்கு ஒண்ணுமில்ல. கெட்டவங்கன்னு சொல்லமாட்டேன். எனக்குக் காய்ச்சல்னா மூணு வீட்லேருந்து கஞ்சி வரும். பொண்ணு பரீட்சையில பாஸாயிருச்சுன்னா தெருவே பாஸான மாதிரி. ஆனா அந்தக் கஞ்சிய வாங்கும்போது, குடுக்குறவங்க கண்ணு என் தோளுக்குப் பின்னால வீட்டுக்குள்ள போகும். மூட்டை கட்டி வச்சிருக்கேனான்னு பாக்குறாங்க.

ஒரே ஒரு தடவ பெட்டியோட வெளிய போனோம். என் தம்பி கல்யாணம். கல்யாணத்துக்குப் போறோம்னு வீடு வீடா சொல்லிட்டுத்தான் போனோம். யாரு நம்புனா? கேஸ் கசியுதுன்னு வெளிய சொல்லுவாங்களா, கல்யாணம்னுதான சொல்லுவாங்கன்னு பேசிக்கிட்டாங்களாம். நாங்க போய் எறங்குறதுக்குள்ள பாதித் தெரு காலி. டிரைவர் தண்ணி டிரம்மக்கூட விடாம வண்டில ஏத்திட்டாரு. எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா, அவங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கை. அவர நாற்காலியோட தூக்கி எறக்குறப்போ படிக்கட்டுல கை நழுவி, இடுப்பெலும்பு போயிருச்சு. கம்பெனிலேருந்து ஃபோன் மேல ஃபோன். தம்பி கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலம்மா. அப்படியே திரும்பி வந்து, எங்க வீட்டு வாசல்ல நின்னு மூணு பேரும் சிரிச்சோம். தெரு பாக்கணும்ல.

அதுக்கப்புறம் சட்டமே போட்டுட்டாங்க. குடும்பத்துல ஒருத்தராவது எப்பவும் வீட்ல இருக்கணும். பெட்டி வெளிய தெரியக்கூடாது. கிணத்துல என்ன நடக்குதுன்னு தெருக்காரங்ககிட்டயோ பேப்பர்காரங்ககிட்டயோ வாயத் தெறக்கக்கூடாது. அவருகிட்ட மட்டுமில்ல, என்கிட்டயும் கையெழுத்து வாங்குனாங்க. அதுக்கு ஒரு பேரும் வச்சிருக்காங்க, பொதுமக்கள் நம்பிக்கைத் திட்டம்னு. நான்தான் அந்தத் திட்டம்.

அப்புறம் எப்படிப் போறது? மளிகைப் பைக்குள்ள துணிய வச்சு, மேல ரெண்டு கீரைக்கட்டப் போட்டுட்டுக் கெளம்புவேன். எங்கக்கா வீட்ல நான் போனாலே கீரைதான். எங்கம்மா செத்தப்போ ஒரு கைப்பையோட தனியாப் போனேன். அவரு வரல. வீட்ல ஆள் இருக்கணுமே. எல்லாரும் மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்கன்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்ல? வேலைன்னு சொன்னேன். அன்னிக்கு அழுததுல பாதி எங்கம்மாவுக்கு, பாதி ஆத்திரம். அந்த ஆத்திரம் இன்னும் போகல, பொய் சொல்லல.

ஜெயில்னா கதவாவது இருக்கும், அதத் திட்டலாம். எனக்கு எதத் திட்டுறதுன்னே தெரியல.

கொஞ்சம் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்களேன். வெயில்ல எனக்குக் கண்ணு கூசுது. தையல் கடை தெறந்திருக்கா? ஷட்டர் பாதி எறங்கியிருக்கா. சரி. கொஞ்சம் முன்னாடிதான் அந்தத் தையல்காரர் என்கிட்ட வந்தாரு. எங்கம்மா போறீங்கன்னாரு, அக்கா வீட்டுக்குன்னேன். சார் வரலியான்னாரு, வேலைக்குப் போயிருக்காருன்னேன். எப்ப திரும்புவீங்கன்னாரு, தெரியலன்னேன். அவ்ளோதான் பேச்சு. அதுல ஒரு வார்த்தகூட நான் கிணத்தப் பத்தி சொல்லல, கவனிச்சீங்கல்ல?

உங்ககிட்ட சொன்னா என்ன. நீங்க எங்க தெருவும் இல்ல, பேப்பரும் இல்ல. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். எங்க வீட்டுக்குப் பின்னால வேலி ஓரமா ஒரு கிணறு, எண்ணெய் காலத்துல தோண்டுனது. இப்ப தோண்டுறதுல குழாய்க்குள்ள குழாய் விட்டு, ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்குற மாதிரி வைக்கிறாங்க. இதுல ஒத்தக் குழாய். அதுவும் துருப்புடிச்சுக் கெடக்கு. காது மாதிரி ஒரு கருவிய உள்ள எறக்கி, எங்கயாவது உஸ்ஸுன்னு சத்தம் வருதான்னு கேப்பாங்க. வருதாம். அழுத்தத்தக் கொறச்சு, அந்தக் கிணத்த சிமெண்ட் ஊத்தி அடைச்சுரணும்னு இவரு கேட்டாச்சு, எழுதியும் குடுத்தாச்சு. குளிர் முடியட்டும், இப்பதான் எல்லாருக்கும் கேஸ் வேணும்னு சொல்லிட்டாங்க.

அதத்தான் நானும் கேட்டேன், மேல சொல்ல வேண்டியதுதானன்னு. சிவப்பாயிருந்தா சொல்லலாம். சொல்லியே ஆகணும், கம்பெனி நெனச்சாலும் தடுக்க முடியாது. ஆனா சட்டத்துல ஒரு கோடு போட்டிருக்காங்கல்ல, இந்தக் கிணறு அதுக்கு மயிரிழை இந்தப் பக்கம் நிக்குது. அதனால மஞ்சள். மஞ்சளுக்குக் கண்ணு வச்சாப் போதும். அந்தக் கோட்டப் போடுறப்போ இவரும் அந்தக் கமிட்டில இருந்தவரு. தான் போட்ட கோட்டுலயே தான் மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. நேர்மையான ஆளும்மா, அதுதான் வம்பு. மஞ்சள சிவப்புன்னு எழுதமாட்டாரு.

நேத்து சாப்பிட உக்காந்தப்போ, நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்னாரு. திடீர்னு. ஏன்னு நான் கேக்கல. எப்பவும் போல, கீரைப் பைலதானன்னு கேட்டேன். ரசத்த ஊத்திக்கிட்டாரு. பெட்டிய எடுத்துட்டுப் போகவான்னு கேட்டேன். இத்தன வருஷத்துல அந்த வார்த்தைய நான் வெளையாட்டுக்குச் சொன்னாலே பதறிருவாரு. ஏய், தெரு காலியாயிரும்பாரு. நேத்து தட்டப் பாத்துக்கிட்டே இருந்தாரு. வேணாம்னு சொல்லல. அப்புறம் எழுந்து கை கழுவிட்டு, நான் ஒண்ணும் சொல்லலன்னாரு. ஆமா, ஒண்ணும் சொல்லலதான்னேன். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. இந்த லீவுக்கு வராத, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்னு ஃபோன் பண்ணிச் சொன்னேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஏன் பொய் சொல்றன்னு கேக்கல.

அந்தச் சத்தம் என் ஃபோன்தான். அடிக்கட்டும். மேனேஜரு. பஸ் ஸ்டாப்புல பெட்டியோட உக்காந்திருக்குறது எந்த விதியில தப்பு, சொல்லுங்க. பெட்டி தெரியக்கூடாதுன்னு இருக்கு, சரி, அதுக்கு என்ன பண்ணுவாங்க, அவரு வேலையப் புடுங்குவாங்க. புடுங்கட்டும். புடுங்குனா அவரு வீட்டுக்காவது வருவாரு.

அங்க ஆட்டோ நிக்கிறது யாரு வீட்டு வாசல்ல? பச்சைக் கேட்டா? அப்பாடா, டீச்சரம்மா. அவங்க வீட்டுக்காரர எறக்குறாங்களா? மெதுவா எறக்குறாங்களா பாருங்க. அந்த வீட்டுக்காகத்தான் நான் இவ்ளோ நேரம் உக்காந்திருக்கேன். அவருக்குத்தான நேரம் புடிக்கும், மத்தவங்க நடந்து போயிருவாங்க. டிரைவர் வீட்லயும் டிரம் உருட்டுற சத்தம் கேக்குது. என்னதான் வச்சிருக்காங்களோ அந்த டிரம்முல.

நாளைக்கு ஒண்ணுமே நடக்கலன்னா? நடக்க வேணாம்னுதாம்மா வேண்டிக்கிறேன். நடக்கலன்னா, கடைசி வீட்டுக்காரி புருஷனோட சண்ட போட்டுட்டு ஊரையே கெளப்பிவிட்டாள்னு என் மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்க. வாசல்ல நின்னு கேட்டுக்கிறேன். அப்புறம் நான் பெட்டி தூக்குனா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். அன்னிக்கு வேணா நெசமாவே ஊருக்குப் போவேன்.

உங்க பஸ் வந்துருச்சு பாருங்க. ஃபேன் பத்திரம், கம்பில இடிச்சுக்காதீங்க. ஐயோ, பெட்டிய எதுக்கு எடுக்குறீங்க, வைங்க கீழ. நான் ஏறல. ஆமாம்மா, கனமே இல்லதான். அதான் தூக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். உள்ள துணியில்ல, ரெண்டு தலகாணி மட்டும்தான். வெறும் பெட்டின்னா தூக்குற கையப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்க. சிவப்பாகுற வரைக்கும் அவரு அந்தக் கிணத்த விட்டு நகரமாட்டாரு. அவர விட்டுட்டு எனக்கு அக்கா வீட்ல என்ன வேலை? நீங்க ஏறுங்க, பஸ்காரர் ஹாரன் அடிக்கிறாரு. தெரு காலியானதும் பின்சந்து வழியா வீட்டுக்குப் போயிருவேன். ராத்திரிக்கு அந்தத் தலகாணி ரெண்டும் எங்களுக்கு வேணும்ல.