படாக் மரத்துச் சிவஞானம்

மரகதம்: 'நேர்ந்துகிட்ட பொம்மையை எப்பத்தான் கோயில்ல வைக்கப் போறே?'ன்னு பூசாரி கேட்டாருண்ணே. நான் என்ன சொல்றது?

குழந்தைவேலு: ஆச்சு மரகதம்... கண்ணு மட்டும்தான் பாக்கி. ஜல்தி முடிச்சிடறேன்.

மரகதம்: போன மெட்ராஸ் கப்பல் வந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க.

குழந்தைவேலு: நம்ம ஊருன்னா மண்ணுல செஞ்சு சூளையில போட்டுடலாம். இந்தத் தீவு மண்ணு வெந்தா வெடிச்சுப் போகுது. சாத்தம் மர மில்லுல கழிக்கிற படாக் கட்டைத் துண்டுதான் நமக்கு. இரும்பு மாதிரி மரம், உளி எங்க இறங்குது?

மரகதம்: தொப்பையில மட்டும் நல்லா இறங்கியிருக்கே! என் வீட்டுக்காரருக்கு ஏதுண்ணே தொப்பை? ரத்தம் கக்கிக்கிட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கப்பல் ஏறின மனுசன். விலா எலும்பை எண்ணலாம்.

குழந்தைவேலு: உடம்பு தேறினா சிவஞானத்துக்கும் தொப்பை போடாதா...

மரகதம்: தேறிட்டாரா?

குழந்தைவேலு: அட... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மரகதம்: பேச்சுக்குச் சொன்ன மாதிரி தெரியலை. சரி, கண்ணைத் திறங்க. ஆடித் திருவிழாவுக்கு நாலு நாள்தான் இருக்கு.

குழந்தைவேலு: வேண்டுதல் பலிச்ச பிறகுதானே கண்ணு திறக்கிறது? நம்ம ஊர்லேருந்து பிடிமண் கொண்டாந்து இங்க கோயில் கட்டினப்பவே அந்த வழக்கமும் கூடவே கப்பல் ஏறிடுச்சு. பலிச்சுதான்னு தெரியாம நான் எப்படி...

மரகதம்: நான் என்ன வேண்டினேன்னு தெரியுமா? அவர் உசுரு பிழைச்சாப் போதும்னு.

குழந்தைவேலு: திரும்பி வரணும்னு?

மரகதம்: அது வாயில வரலை. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க... அந்த அவசரத்துல உசுருதான் கேக்கத் தோணுச்சு. உளியைக் கீழ வைங்கண்ணே. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. பிழைச்சுட்டாரா?

குழந்தைவேலு: இரு, இந்தத் தூளை ஊதிட்டு...

மரகதம்: அண்ணே.

குழந்தைவேலு: பிழைச்சுட்டான். பொங்கலுக்கு முந்தியே ஆஸ்பத்திரியை விட்டு வந்துட்டானாம். எனக்குக் கடுதாசி போட்டிருந்தான்... உன்கிட்டச் சொல்ல வேணாம்னு.

மரகதம்: ஏன்?

குழந்தைவேலு: மன்னார்குடிப் பக்கம் அரிசி மில்லுல வேலையாம். அங்கேயே... ஒருத்தியோட...

மரகதம்: விசாலாட்சி.

குழந்தைவேலு: உனக்கு எப்படி...?

மரகதம்: மாசியிலேயே அவ எனக்கு எழுதிட்டா. 'இனிமே எதிர்பார்க்காதீங்க அக்கா'ன்னு. நல்ல கையெழுத்து.

குழந்தைவேலு: அடிப்பாவி... தெரிஞ்சுமா அஞ்சு மாசமா என் வாசலுக்கு நடக்கிறே? கடுதாசி வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!

மரகதம்: என்னை யாரு பாத்தாலும் பேச்சை மாத்துறாங்க. ஒருத்தராச்சும் நேர்ல சொல்லட்டும்னு இருந்தேன்... அம்மன் கேட்டதைக் கொடுத்துட்டா. கண்ணைத் திறங்க.

குழந்தைவேலு: அந்த நாய்க்கா?

மரகதம்: அவருக்கில்லை, அம்மனுக்கு. இந்தக் கடன் தீராம என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது.

குழந்தைவேலு: வேற என்ன செய்யப் போறே?

மரகதம்: திறங்கண்ணே.

குழந்தைவேலு: சரி... வலது கண்ணு... கொஞ்சம் இரு... இடது. ம். பாரு.

மரகதம்: அவரேதான்.

குழந்தைவேலு: தூளைத் துடைச்சுத் தரேன்... மரகதம்? கழுத்துல கிடக்கிறதை எதுக்குக் கழட்டறே?... ஏய், பொம்மை கழுத்துலயா கட்டறே? அது தாலிம்மா!... தூக்கிக்கிட்டு எங்க, கோயிலுக்கா? மரகதம்... ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போயேன்!