பதினெட்டுப் படி ஏறிய சக்கை

— மாமி, இதென்ன வாசல்ல இவ்வளவு பெரிய சக்கை?

— எனக்க வீட்டுப் பலா மரத்துல உள்ளது மக்கா. ரெண்டு நாளு வச்சா பழுத்துரும், சொளை ஒவ்வொண்ணும் தேனாட்டு இருக்கும் கேட்டியா. வெறுங்கையை வீசிட்டு ஒரு வீட்டுக்கு வரப்பிடாதுல்லா.

— இது வீடு இல்ல மாமி, எக்சர்சைஸ் சொல்லித் தாற ஸ்டுடியோ. அது கெடக்கட்டு. பதினெட்டுப் படி இருக்கு. இதை ஆரு மேல தூக்கிட்டு வந்தா?

— ஆட்டோக்காரன். நல்ல பய. கேக்கதுக்கு முன்ன தோள்ல ஏத்திட்டான்.

— ஓகே. வந்து படுங்க. இன்னைக்கு முதுகு எப்பிடி இருக்கு?

— அதை ஏன் கேக்குக ஜெப்சி. ராத்திரி முச்சூடும் ஒறக்கம் இல்ல. இடுப்பு நாரியில ஆரோ ஆணி அடிக்கது மாதிரி. இரணியல்ல பஸ் ஏறி வடசேரியில எறங்கதுக்குள்ள கர்த்தரேன்னு ஆயிட்டு.

— திங்கக்கிழமை "கொஞ்சம் கொள்ளாம், வலி கொறவு"னு சொன்னீங்களே?

— அது திங்கக்கிழமை. இன்னைக்கு வியாழன்லா.

— மாமி, இது பதினாலாவது கிளாஸ். கூட்டத்தோட வாறவங்களுக்கே இதுக்குள்ள குணம் தெரியும். ஒங்களுக்கு தனியா, பக்கத்துலயே நின்னு, ஒரு மணிக்கூறு சொல்லித் தாறேன். ஓகே, முட்டுகாலை மடக்குங்க. மூச்சை எடுங்க. இனி விட்டுட்டே வயித்தை உள்ள இழுத்து இடுப்பைத் தூக்குங்க. பைய. இன்னும் கொஞ்சம். சூப்பர்!

— அய்யோ அம்மா!

— இடுப்பு மேல போயி அரை நிமிசம் கழிச்சுல்லா அய்யோ வருது?

— வயசாயிட்டு மக்கா. வலியும் பையத்தான் வந்து சேருது.

— எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். பதினோரு மணிக்கு ஒங்க மவன் போன்ல விளிப்பாரு. "அம்மைக்கு சொகம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே டிக்கெட் போட்டுருவேன்"னு லிஜோ அண்ணன் மெசேஜ் அனுப்பியிருக்காரு. நான் என்னத்தைச் சொல்ல?

— எனக்கு மட்டும் இங்கிலாந்து போவ ஆசை இல்லியா? மருமவ பெபிஷாவுக்கு அக்டோபர்ல ரெண்டாவது பேறுகாலம். ரெண்டுபேருக்கும் ஆசுபத்திரி வேலை, ராவும் பகலும் ஷிப்டு. மூத்தவன் பொறந்தப்போ நானும் சம்மந்தி ஜெபமணியும் மாறி மாறி ஆறாறு மாசம் நின்னோம். இந்த மொறையும் முதல்ல நான், பொறவு அவ. ஆனா முதுகு விடண்டாமா? நான் போவல்லன்னா அவ முதல்லயே போவா. அவளுக்க ஊரு புதுக்கடை முழுக்கத் தண்டோரா போட்டுட்டுப் போவா. போட்டும். நான் என்ன செய்ய?

— இல்ல மாமி, தப்பு எனக்க மேலத்தான். பெங்களூர்ல நாலு வருசம் இதே வேலை பாத்தேன், இப்பிடி ஒரு கேஸ் வரல்ல. எங்க வீட்டுக்காரரு டெனிஷ் இங்க வந்து தொடங்குனப்பமே சொன்னாரு. நம்ம ஊர்ல முதுகு பிடிச்சா வர்ம ஆசான்கிட்ட போயி எண்ணெய் போட்டு தடவுவாங்க, நீ இந்த ஒருளுற கட்டில்ல படுக்கப்போட்டு எக்சர்சைஸ் சொல்லித் தந்தா ஆரு வருவான்னு. நான் அண்ணன்கிட்ட உள்ளதைச் சொல்லிருகேன். ஒங்க அம்மைக்கு சொகமாக்க என்னால முடியல்லன்னு. ஓகே. இந்த மாசத்தோட ஸ்டுடியோவையும் பூட்டுகேன்.

— ஏட்டி, என்ன பேச்சு பேசுக? நீ நல்லாத்தானே சொல்லித் தாறே!

— நல்லா சொல்லித் தந்தா சொகம் ஆவண்டாமா?

— அது... எனக்க எலும்புக்க கொணம் அப்பிடி.

— போதும் மாமி, எழும்புங்க. எனக்கு அழுகை வருது. இந்தச் சக்கையையாவது உள்ள எடுத்து வைக்கேன், வழியில கெடக்கு. அம்மோ!

— ஏட்டி! என்னாச்சு?

— பிடிச்சிட்டு. முதுகு.

— பிடிக்காம என்ன செய்யும்? குனிஞ்சு நின்னு கையால இழுத்தா? மாறி நில்லு. முட்டுகாலை மடக்கணும். வயித்தை உள்ள இழுக்கணும். சாதனத்தை நெஞ்சோட சேக்கணும். மூச்சை விட்டுட்டே... இந்தா. எழும்பியாச்சு. எங்க வைக்க, அடுக்களையிலயா?

— மாமி.

— மேசை மேல வைக்கட்டா? மேசை தாங்குமா?

— மாமி. கீழ வைங்க.

— வச்சாச்சு. ஏன் அப்பிடி பாக்குக?

— இருவது கிலோ இருக்கும் அது. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீங்க முழுச் சக்கையை மறைச்சிட்டீங்களே. ஆட்டோக்காரனா இதை மேல கொண்டு வந்தான்?

— ஆட்டோவும் இல்ல, பஸ்சும் இல்ல. எனக்க ஸ்கூட்டர்ல காலுகிட்ட வச்சுட்டு வந்தேன். படியும் நானேதான் ஏத்துனேன். வலி நாலாவது கிளாஸ்லயே போச்சு மக்கா. ஒனக்க கை சாமானியப்பட்ட கை இல்ல. வாய் தொறந்து நன்றி சொல்ல வழியில்ல, ஒரு சக்கையாவது குடுப்போம்னு கொண்டு வந்தேன். எனக்க புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

— பின்னே பத்து கிளாஸா அய்யோ அம்மான்னு கத்துனது? உள்ள ஏதும் பெரிய நோய் இருக்குமோன்னு நான் பயந்து செத்தேன் மாமி! சோறு எறங்கல்ல எனக்கு!

— திட்டு. நல்லா திட்டு. எனக்கு வேணும்.

— எதுக்கு மாமி இந்தக் கூத்து?

— அங்கன்வாடியில முப்பத்திமூணு வருசம் ஊருக்க பிள்ளைகளைத் தூக்குனேன். ரிட்டயர் ஆன மறுமாசம் லிஜோ என்னை விமானத்துல ஏத்திட்டான். அங்க சன்னல் தொறக்கப்பிடாது, குளிரு. நாலு மணிக்கே இருட்டிரும். அவுங்க ரெண்டுபேரும் டியூட்டிக்குப் போனா நானும் பிள்ளையும் வாஷிங் மெஷினும். பேரன் மேல எனக்கு உயிரு, அதுல பொய் இல்ல. ஆனா ஒரு நாளைக்கு ஒருத்தராவது நேசபாய்னு எனக்க பேரைச் சொல்லி விளிக்கண்டாமா? திரும்பி வந்து, அறுவத்தோரு வயசுல ஸ்கூட்டர் படிச்சேன். ரெண்டு மட்டம் ஓடையில விழுந்தேன். இப்பம் எங்க போணும்னாலும் ஆருகிட்டயும் கேக்காம நானே போறேன். அதை விட்டுட்டு மறுபடியும் அந்த இருட்டுக்குள்ள போவ எனக்கு மனசு இல்லட்டி.

— அதை மவன்கிட்ட நேரா சொல்லலாம்லா?

— எங்ஙன சொல்ல? மனசு இல்லன்னு சொன்னா கல்நெஞ்சுக்காரின்னு ஆவும். முதுகு வலின்னா ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

— மாமி, போன் அடிக்கு. லிஜோ அண்ணன்தான். நான்... இன்னும் சொகம் ஆவல்லன்னே சொல்லிருகேன்.

— வேண்டாம். வேலை தெரிஞ்சவளை வேலை தெரியாதவளா ஆக்குன பாவம் எனக்கு வேண்டாம். எடு. சத்தமா வையி. நானே பேசுகேன்.

— ஹலோ அண்ணே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா பக்கத்துல இருக்காங்க.

— ஜெப்சி, நைட் டியூட்டி, ரெண்டு நிமிசம்தான் வெளிய வந்தேன். அம்மைக்கு எப்பிடி இருக்கு?

— எனக்கு சொகமாயிட்டு லிஜோ. இந்தப் பிள்ளை சொகமாக்கிட்டா. நீ டிக்கெட் போடு.

— அம்மா, எனக்காக சும்மா சொல்லாதீங்க.

— சும்மா இல்ல மக்களே. இப்பம்தான் ஒரு சக்கையைத் தூக்கி வச்சேன்.

— அப்பாடா! ஜெப்சி, நீங்க பெரிய ஆளு கேட்டீங்களா. ஆறு வர்ம ஆசான் பாத்தும் கேக்காத வலி. இனி ஒரு உபகாரம் செய்யணும். பெபிஷாவுக்க அம்மைக்கும் இதே முதுகு வலி. நாங்க பேறுகால விசயம் சொன்ன மறுநாளு பிடிச்சது, இன்னும் விடல்ல. ஸ்கேன் எடுத்தாச்சு, அதுல ஒண்ணும் இல்ல. அவுங்களும் வந்து ஆறு மாசம் நிக்கண்டாமா? நாளைக்கே ஒங்ககிட்ட அனுப்பட்டா?

— மாமி... என்ன சொல்ல?

— நீ பேசாம இரு, நான் சொல்லுகேன். லிஜோ, டிக்கெட்டை இப்பம் போடாத. ஜெபமணியை நாளைக்கு எனக்க நேரத்துக்கே வரச்சொல்லு. அவளுக்கு எங்க வலிக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டுபேருமா சேந்து ஒனக்கு விளிச்சு உள்ளதைச் சொல்லுகோம்.