சும்மா நிற்கிற ஆள்

மாலையில் பால்கனியில் நின்று துணி மடிப்பது என் பழக்கம். நாலு துணி மடிக்க ஒரு மணி நேரமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். துணியை மட்டும் மடித்தால் ஐந்து நிமிடம்தான். எதிர் பிளாக்கில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள், போகும்போது முகம் எப்படி இருந்தது, இதையெல்லாம் யார் பார்ப்பது? குடியிருப்பு என்று இருந்தால் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நான் சம்பளம் வாங்காமல் பார்க்கிறேன்.

விதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலி. போன வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விதிமேல் விதி போட்டுத் தொழிற்சாலைகளின் கழுத்தை நெரிக்கிறோமாம். முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகளை ஆறு மாதத்தில் நூறாக்க வேண்டுமாம். ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். அந்த ஏழு பேரும் முதல் கூட்டத்தில் தீர்மானித்தது, இரண்டாம் கூட்டத்தின் தேதியை மட்டும்.

இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா பண்றது? படிச்சுப் பார்த்தா எல்லா விதியும் தேவைன்னுதான் தோணுது."

"படிக்காதீங்க சார்" என்றேன்.

யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. விபத்துப் பதிவேட்டை எடுப்போம்; பத்து வருடத்தில் எந்த விதி சம்பந்தமாக ஒரு விபத்துகூட இல்லையோ, அந்த விதிக்கு வேலையே இல்லை, எடுத்துவிடலாம் என்றேன். இயக்குநர் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. குழுவில் ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர் மட்டும் இருமினார்.

"விதி இருக்கறதாலதானே விபத்து இல்ல?"

"அப்படிப் பார்த்தா ஒண்ணையும் வெட்ட முடியாதே" என்றார் இயக்குநர்.

இன்ஜினீயர் மறுபடி இருமத் தயாரானார். நான் டீயை அவர் பக்கம் நகர்த்தி, அவர் மகளுக்குப் பேசி முடித்த இடம் ஏன் நின்றுபோனது என்று மெதுவாக விசாரித்தேன். வருத்தத்தோடுதான் விசாரித்தேன். ஆறு மாதம் முடியும்வரை அவர் இருமவே இல்லை.

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே புரிந்தது. விரல் போன விதிகள், கண் போன விதிகள் எல்லாம் தப்பித்துக்கொண்டன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்ட விதிகள் ஒவ்வொன்றாகப் போயின. பட்டியல் மட்டும் பார்க்க அழகாக இருந்தது.

அதில் அறுபத்தொன்றாம் விதியும் போனது. தொட்டிக்குள் ஒருவர் சுத்தம் செய்ய இறங்கினால், தொட்டியின் வாயருகே இன்னொருவர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் கயிற்றை இழுத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். அதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது. இந்த விதி சம்பந்தமாகக் கடைசி விபத்து நடந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு வருடம் என்று நான் வரம்பு வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கலாம். பத்து என்றால் எழுத லட்சணமாக இருக்கிறது.

இப்போது முதல் மாடிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்தான். பசை ஆலையில் தொட்டி வாயருகே நிற்கிற ஆள் அவர்தான். இது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டால், எங்கள் பிளாக்கில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? அவர் மனைவியே மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொல்லியிருக்கிறாள்.

"அவருக்கென்னக்கா, ராஜா வேலை. சும்மா நின்னு பேசிட்டே இருக்கணும். அதுக்குச் சம்பளம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டு வாயடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதுவும் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறவருக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பொறாமை கிடையாது. யோசனை வந்தது, அவ்வளவுதான்.

பட்டியலை வெளியிட்டோம். ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள். இருபதாம் நாளோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில், அறுபத்தொன்றாம் விதியை எடுக்கக் கூடாது என்று ஒன்றரைப் பக்க மனு. கீழே பதினோரு கையெழுத்து.

"அக்கா, நீங்க அந்த ஆபீஸ்தானே. இதைக் கொஞ்சம் சேர்த்துடுங்க. தபால்ல போட்டா யார் கையில போகுமோ."

"உட்காருங்க. நிக்கறதுதான் உங்களுக்குப் பழக்கம்னாலும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அந்த மாதிரி ஆள்தான். "சும்மா நிக்கறவன்னு ஆலையிலயும் கிண்டல் பண்றாங்கக்கா. பண்ணட்டும். தொட்டிக்குள்ள காத்து கெட்டுப்போச்சுன்னா உள்ள இருக்கறவனுக்கே தெரியாது. பேச்சு குழறும். மேல இருக்கறவனுக்குத்தான் அது காதுல விழும். அதுக்காகத்தான் பேச்சுக் குடுத்துட்டே இருக்கறது."

"அப்படி நாள் பூரா என்ன பேசுவீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம்தான். வீட்டுக் கதை, பிளாக் கதை. உங்க கதைகூட." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. 'மூணாம் மாடி கேமரா' கதை சொல்லுன்னு தொட்டிக்குள்ள இருந்தே கேப்பாங்க. உள்ள இருக்கறவன் சிரிச்சா, நல்லா இருக்கான்னு அர்த்தம்."

நானும் சிரித்தேன். காபி கொடுத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினேன். மனுவை அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.

மூணாம் மாடி கேமரா என்று சொன்னதற்காக நான் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. அடித்துவிடுங்கள். மனு என்றால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. இரண்டு நகல் வேண்டும். இடது பக்கம் ஓரம் விட்டு எழுத வேண்டும். அவர் ஓரமே விடவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கோப்பில் நானே தட்டச்சு செய்தேன்: ஆட்சேபம் எதுவும் வரவில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அமைச்சர் கையால் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. விதி சட்டத்தில் இருக்கும்வரை அதைப் படிக்கிறவர்கள் குறைவு. ஆலைக்காரர்கள் அதை எடுத்துவிட்ட செய்தியை மட்டும் அன்றைக்கே படித்துவிட்டார்கள். மேலே நின்ற ஆளையே தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள்.

ஐந்தாவது வாரம் அது நடந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவருடைய டப்பா திறக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் தேடியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். உள்ளே இருந்து ஏதாவது பேசினாரா என்பது யாருக்கும் தெரியாது. கேட்க ஆள் இல்லை.

துக்கத்துக்கு முதலில் போனது நான்தான். பதினாறு நாளும் போனேன். மூன்றாம் நாள் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, உங்க கையில ஒரு மனு குடுக்கறேன்னு மேல வந்தாரே. அது என்னாச்சு?"

"என்கிட்டயா? ஒண்ணும் குடுக்கலையேம்மா. வந்தாரு, காபி குடிச்சாரு, போனாரு."

"அதைக்கூட குடுக்காம வந்துட்டாரா? அவ்வளவு சோம்பேறியா அந்த மனுஷன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். போனவரை அப்படிப் பேசக் கூடாது என்று நான்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

மனு இதோ. இந்த விசாரணைக்கு நானேதான் கொண்டுவந்திருக்கிறேன், யாரும் வந்து தேடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவர்மேல் கோபம் வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை குறைந்திருக்கிறது, இரண்டு வாய் சாப்பிடவும் செய்கிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?