முப்பத்தெட்டு மீசைகளும் எட்டாம் வகுப்பும்

மூன்று முறை மின்விசிறி நின்றும் முகம் சுளிக்காமல் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கோட்டைக்குப்பம் பள்ளியின் தலைமையாசிரியை வித்யா அம்மையார் அவர்களே! ஊரின் சொல்லைத் தன் சொல்லாகவும், தன் சொல்லை ஊரின் சொல்லாகவும் காத்துவரும் ஊர்த்தலைவர் தேவேந்திரன் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முந்தி வந்து பிடித்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி கிட்டாமல் மணலில் அமர்ந்திருக்கும், இந்த ஊரின் அடுப்பையும் அங்காடியையும் ஒருசேர ஆளும் தாய்மார்களே! தாய்மார்களுக்கும் பின்னால், வேலியோரம் நிறுத்தப்பட்டிருக்கும் எட்டாம் வகுப்புச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். பிள்ளைகளுக்காகக் கூடிய கூட்டத்தில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று தயவுசெய்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பார்த்தீர்களா? நல்லது.

அடியேன் முத்துராஜ். ஏரியில் வலை கட்டுபவன். மைக் கையில் கிடைத்தால் விடாதவன் என்பதும் நீங்கள் அறிந்ததே. பச்சைமுத்து அண்ணன் அங்கிருந்து கைகாட்டுகிறார், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார். அண்ணே, உங்களைப் பற்றியும் பேசப் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

சென்னையில் பழைய கிடங்கு ஒன்றில் ஒரு யூத நாடக அரங்கம் நடக்கிறது. நடத்துபவர் ரெபேக்கா அம்மாள். பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து, தமிழிலேயே நாடகம் காட்டுகிறார். நம் எட்டாம் வகுப்புக்கும் அழைப்பு வந்தது. வந்ததும் ஊர் என்ன கேட்டது? நாடகம் நல்லதா என்று கேட்டதா? நம் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டதா? இல்லை! "யூதருன்னா யாரு? பிள்ளைங்கள இட்டுனு போய் இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டது. டச்சுக்காரன் கோட்டை கட்டிய மண்ணில், ஊர் பேரிலேயே கோட்டையை வைத்துக்கொண்டு, நாடகம் போடுகிற ஓர் அம்மாளைக் கண்டு நாம் அஞ்சினோம்! வித்யா அம்மையார்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர்களும் கடல் வழியே வந்த குடும்பம், பவழம் விற்க வந்து இங்கேயே தங்கியவர்கள் என்றார். கடல் வழியே வந்தவர்கள் என்றதும் நமக்கு மனம் இளகிவிட்டது.

பிறகுதான் வினை. அரங்கில் இருந்த இடம் முப்பத்தெட்டு. வகுப்பில் இருந்த பிள்ளைகள் அறுபத்தொரு பேர். யார் போவது? அம்மையார் ஊரைக் கேட்டார். ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அதுதான் பாடு!

வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலை அதிகம். அதனால் தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு எழுதி, சட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எவன் பெயர் விழுகிறதோ அவன் முறை. அவன்தான் வலை கட்ட வேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண்பிள்ளை. பெண்ணுக்குப் பாடு கிடையாது. சண்டையில்லாத முறை, சத்தியமான முறை!

அந்தச் சத்தியமான முறையில், நாடகத்துக்கும் சீட்டுப் போட்டோம். வழக்கப்படி தலைக்கட்டின் பெயரைத்தான் எழுதினோம். முப்பத்தெட்டு பெயர் விழுந்தது. யாருடைய பெயர்? நம் பெயர்! அப்போதாவது ஒருவர், ஒரே ஒருவர், "ஏம்பா, இது பிள்ளைங்களுக்கு வந்த அழைப்பாச்சே" என்று சொன்னோமா? சொல்லவில்லை. பெயர் விழுந்தவன்தானே இறங்க வேண்டும்! அம்மையார் அன்று பொன்னேரியில் பயிற்சிக்குப் போயிருந்தார். பள்ளிக்கு வந்த பேருந்தில் நாம் ஏறினோம். சலவை வேட்டி, புதுத் துண்டு, முப்பத்தெட்டு மீசை. பிள்ளைகள் வாசலில் நின்று நமக்குக் கையசைத்து வழியனுப்பினார்கள், அன்பர்களே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அந்தப் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன்தான்.

அரங்கத்து வாசலில் ரெபேக்கா அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எட்டாம் வகுப்பு எங்கே என்று கேட்டார். நம் ஊர்த்தலைவர் அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி என்ன சொன்னார் தெரியுமா? "நாங்கதாம்மா." அந்த அம்மாள் பிள்ளைகளுக்கு எடுத்துவைத்ததை எங்களுக்கே கொடுத்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு பென்சில், சட்டையில் ஒட்டிக்கொள்ள 'எட்டாம் வகுப்பு' என்று அச்சடித்த ஒரு சீட்டு. பச்சைமுத்து அண்ணன் பிஸ்கட் இரண்டு கேட்டு வாங்கினார். முழங்கால் தாடையில் இடிக்கிற சின்னஞ்சிறு பெஞ்சுகளில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள்.

நாடகம் தொடங்கியது. எங்கோ ஒரு நாட்டில், எங்கோ ஓர் ஊரில், ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகள். பெயர் மிரியம். யூதப் பிள்ளைகள் பள்ளிக்கு வரக்கூடாது என்று ஆணை வருகிறது. அதிகாரி ஒருவன் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிடுகிறான். வகுப்பில் வாங்கிய மதிப்பெண் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்த பெஞ்சு அப்படியே இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை! பெயர் போனால் போகட்டும் என்று அவள் வீட்டில் இருந்துவிட்டாளா? தினமும் வந்து வாசலில் நிற்கிறாள். மழையிலும் நிற்கிறாள்.

நம்மவர்கள் அழுதார்கள் ஐயா! பச்சைமுத்து அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். பெயரை அடித்தவனைத் தலைவர் மெல்லிய குரலில் திட்டினார். கண் காணாத ஊரில் ஒரு பெண்பிள்ளையின் பெயரை அடித்தார்கள் என்று நாம் அழுதோம். நம் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரை எழுதாமலே விட்டுவிட்டு வந்துதான் அழுதோம்!

கடைசிக் காட்சியில் வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் மேடையில் ஒரு பிள்ளை 'உள்ளேன் ஐயா' என்கிறது. அடித்த பெயர் இருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்துகிறார். துணிந்து அந்தப் பெயரைப் படிக்கிறார். "மிரியம்." படித்துவிட்டு எங்களைப் பார்க்கிறார். அந்த இடத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அவளுக்காகக் குரல் கொடுப்பார்களாம். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கொடுத்தார்களாம். அவர் மூன்று முறை படித்தார். நாங்கள் முப்பத்தெட்டு பேர், எதிர்க்காற்றில் கரையிலிருந்து கூப்பிட்டால் நடு ஏரியில் இருப்பவன் திரும்பும்படி கத்துகிறவர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஒரே மகள், பூவிழி. எட்டாம் வகுப்பு, அதோ வேலியோரம் நிற்கிறாள். தின்னாமல் வைத்திருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, கதையைப் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரப் படிச்சப்போ நீ இன்னா சொன்ன நைனா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"நான் வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பிஸ்கட்டை என் பக்கமே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பிஸ்கட்டை இன்றுவரை நான் தொடவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது அதே நாடகத்துக்கு ரெபேக்கா அம்மாள் மறுபடி அழைத்திருக்கிறார். அதே முப்பத்தெட்டு இடம். "தயவுசெய்து பிள்ளைகளை அனுப்பவும்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். அதற்கும் பச்சைமுத்து அண்ணன் ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். அண்ணே, எழுந்து நீங்களே சொல்லுங்கள்.

"ஆம்பளப் பசங்கள மட்டும் அனுப்பலாம்பா. பாடுன்னா ஆம்பளைக்குத்தான, நாளைக்கு வலை கட்டப் போறவன் அவன்தான?"

கேட்டீர்களா தாய்மார்களே? வலை கட்டுகிறவன்தான் நாடகம் பார்க்க வேண்டுமாம்! அரங்கத்தில் மடவை மீனா பிடிபடுகிறது? இறால் இறங்குகிறதா? சரி அண்ணே, உங்கள் வழிக்கே வருகிறேன். பாடுதானே வேண்டும்? பாடு முறையின் முதல் விதி என்ன? முறை எடுத்தவன், அடுத்தவர் எல்லாருடைய முறையும் தீரும்வரை கரையில் நிற்க வேண்டும். நாம் முறை எடுத்தாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று, பிஸ்கட் தின்றாயிற்று, வாய்மூடி வந்தாயிற்று. இனி நமக்குச் சீட்டு எழுதுகிற உரிமை ஏது? ஆணுக்கு என்று எழுதவும் நமக்கு முறையில்லை, பெண்ணின் பெயரை அடிக்கவும் நமக்கு முறையில்லை!

தலைவர் தலையசைக்கிறார். நன்றி தலைவரே, அந்த வாசலில் சொன்ன பதிலுக்கு இது ஈடு.

இதோ மேசைமேல் சட்டி இருக்கிறது. அதில் நம் பெயர் ஒன்றுகூட இல்லை, நான் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். அம்மையார் அவர்கள் பதிவேட்டைத் திறந்து அறுபத்தொரு பெயரையும் இந்த மைக்கில் படிக்கட்டும். பெயருக்குரிய பிள்ளை குரல் கொடுத்து, வேலியோரம் விட்டு முன்னால் வந்து, தன் சீட்டைத் தன் கையால் போடட்டும். முன்வரிசைப் பெரியோர்களே, அவர்கள் வர வழிவேண்டும், கொஞ்சம் நாற்காலியைத் தள்ளுங்கள்.

பூவிழி, குலுக்கலில் உன் பெயர் விழுமோ விழாதோ, அது உன் நைனா கையில் இல்லை. ஆனால் அம்மையார் படிக்கும்போது உரக்கச் சொல்லும்மா. எனக்கு அன்று வாய் வரவில்லை.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த அவைக்கு நன்றி, பிஸ்கட் கேலியைப் பொறுத்த பச்சைமுத்து அண்ணனுக்கும் நன்றி. மைக்கைப் பதிவேட்டிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன். வணக்கம்.