அலை விழுங்கும் பலகைகள்

அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, ஒரு பூனை. பூனையைச் சேர்க்காமல் விட்டால் தங்கை கோபித்துக்கொள்வாள்.

நுண்ணலைகளை விழுங்கும் பலகைகளை வடிவமைப்பது என் வேலை. மெல்லிய பலகையின் முன்பக்கம் செப்பு வளையங்களை வரிசையாகப் பொறிப்போம். பின்பக்கம் முழுச் செப்புத் தகடு. எந்த அலையை விழுங்குவது என்பதை வளையத்தின் அளவுதான் தீர்மானிக்கும். ராடாருக்காகச் செய்த ஒரு தொகுதியில் நான் வளையங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். அவை ராடாரை விட்டுவிட்டு கைபேசி அலையைப் பிடித்தன. மேலாளர் குப்பையில் போடச் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தங்கை கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். கட்டு பிரித்ததும் தான் விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போவதாக இருந்தாள். அவள் போனால் அந்த வீட்டில் பேச்சுக்குரல் இருக்காது. அவள் அறையின் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் பலகைகளை ஒட்டினேன். ஜன்னலையும் விடவில்லை. தெருச் சத்தம் கேட்காமலிருக்க என்றேன்.

"பரவால்லண்ணா, உன் படிப்பு இப்பதான் வீட்டுக்கு உதவுது," என்று சிரித்தாள்.

"போனைத் தடுக்கத் தகரம் அடிச்சா போதாதா?" என்று, நான் சொல்வதை எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த காவல் அதிகாரி கேட்டார்.

நல்ல கேள்வி. தகரம் அலையைத் திருப்பித்தான் அடிக்கும். இடுக்கு வழியே நுழைந்தது உள்ளேயே முட்டி மோதி எப்படியாவது போனைத் தொட்டுவிடும். என் பலகை, நுழைந்ததையும் விழுங்கிவிடும்.

போன் ஊமையானது. டவரில் கோளாறு என்றேன்.

"அவர்கிட்ட நீயாவது பேசினியாண்ணா?"

"பேசினேன். பிடி கொடுத்தே பேசல. விட்டுத் தள்ளு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். உண்மையைச் சொன்னால், அவை நல்ல நாட்கள்.

கட்டுப்போட்ட காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறியதாம். பகல் வேளை, நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது; போன் கையில் இருந்தது. கடைசி மூச்சிலும் அவனைத்தானே தேடியிருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "அவ போன்ல பாத்தோம். உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா. திரும்பத் திரும்ப."

அன்று முழுவதும் என் போனை நான் அணைக்கவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருந்தேன், அவளுக்கு ஏதாவது அவசரம் என்றால் உடனே எடுக்கவேண்டுமே என்று. அண்ணன் என்று இருப்பவன் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று அவரிடம் கேட்டேன்.

அவர் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திப் பூட்டினார்.