வரிசையில் நின்றவர்கள்

ஓடுகிறேன். வாயெல்லாம் மண். இடது காது கேட்கவில்லை. வலது காதில் ஒரே ரீங்காரம். வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. துபாய், அல் கூஸ், எங்கள் லேபர் கேம்ப். முதல் குண்டு பக்கத்துக் கோடவுனில் விழுந்தது. இரண்டாவது எங்கள் முற்றத்தில். முற்றத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நிற்க வைத்தவன் நான்.

என் வேலை சேஃப்டி. நெருப்புப் பிடித்தால் சைரன் அடிக்கும். எல்லோரும் ரூமை விட்டு வெளியே வர வேண்டும். முற்றத்தில் பச்சை போர்டுக்கு முன்னால் ரூம்வாரியாக நிற்க வேண்டும். நான் தலை எண்ணுவேன். மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவை பழக்கினேன். நான்கு நிமிஷத்தில் மொத்த கேம்ப்பும் வரிசைக்கு வந்துவிடும். அதற்காகக் கம்பெனி எனக்கு வாட்ச் பரிசு கொடுத்தது. பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

போர் வந்தது. சைரன் மட்டும் மாறவில்லை. குண்டு வந்தால் உள்ளேயே பதுங்கு என்று எவனும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சேஃப்டியாம், மண்ணாங்கட்டி.

போர் அமெரிக்கர்களுடையது. 1860 தேர்தலில், அடிமைமுறை பரவக் கூடாது என்று நின்ற வக்கீல் தோற்றுப் போனார். அப்படியும் பிரிந்தே தீருவோம் என்ற தென் மாநிலங்களை, ஜெயித்தவர் சண்டையில்லாமல் போக விட்டார். வடக்கு ஒரு நாடு, தெற்கு ஒரு நாடு. அன்றைக்குப் போடாத சண்டையை இன்றைக்கு வளைகுடா எண்ணெய்க்காகப் போடுகிறார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். எங்களுக்குக் கருமாதி.

எங்கள் கம்பெனி தெற்கத்திக்காரனுடையது. அடிமை என்ற பேரை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். இப்போது பாண்டு என்று பேர். ஏழு வருஷம் முடியாமல் ஊருக்குப் போக முடியாது. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் படம் எங்கள் மெஸ் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழேதான் சாம்பார் வாளி வைப்பார்கள்.

பதினொன்று முப்பத்தாறு. சைரன். கடல் பக்கம் இடி மாதிரிச் சத்தம். வடக்கத்திக்காரன் கப்பல். லீவு நாள். துணி துவைத்தவர்கள், அரிசி களைந்தவர்கள் எல்லோரும் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். முருகேசனைக் காணோம். என் மனைவியின் தம்பி. பெரம்பலூரிலிருந்து நான்தான் விசா எடுத்துக் கூட்டி வந்தேன். கான்கிரீட் படிக்கட்டுக்கு அடியில் குந்தியிருந்தான்.

"மாமா, இது ஃபயர் இல்ல! குண்டு! வெளிய போவாதீங்க!"

"ஆள் கொறையுதுடா! வா வெளிய!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு தலை குறைந்தால் ரிப்போர்ட் கெட்டுவிடும். அவ்வளவுதான் என் புத்தி. மாமன் பேச்சுக்காக வந்தான். ஒன்பதாம் ரூம் வரிசையில் நிறுத்தினேன். முன்னால் போய் எண்ண ஆரம்பித்தேன்.

பதினொன்று நாற்பத்தொன்று. கோடவுன் வெடிக்கிறது. தகரம் பறக்கிறது. ஒருத்தரும் வரிசையைக் கலைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்படிப் பழக்கியிருந்தேன்.

"ஓடுங்க! ஜல்தி! ஜல்தி!"

கத்தி முடிப்பதற்குள் மேலே ஊளைச் சத்தம். பிறகு நெருப்பு. என்னைத் தூக்கி பம்ப் ரூம் சுவரில் அடித்தது. எழுந்தேன். ஒன்பதாம் ரூம் வரிசையைப் பார்த்து ஓடினேன். அங்கே குழி. குழியின் விளிம்பில் முருகேசன். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்கு அடங்கிவிட்டான். படிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

வரிசையில் நின்றவர்கள் நூற்றுப் பதினெட்டு. செத்தவர்கள் நாற்பத்தொன்று. அதில் பதினேழு பேரைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். கை கால் போனவர்கள் இருபத்தாறு. கண் போனவர்கள் நான்கு. தெற்கத்திக்காரன் ஒருவனும் இல்லை. கம்பெனி ஆபீசர்கள் முதல் நாளே விமானம் ஏறிவிட்டார்கள்.

சைரனை மதிக்காமல் குளியலறையில் சோப்பு நுரையோடு ஒளிந்திருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். எட்டாவதாக ஒருவன் பிழைத்திருக்க வேண்டும். அவனை நான் இழுத்து வந்தேன். என் மனைவி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.